இறுக்கிப் போட்ட பின்னல்

ஜூன் 9

இது என் மகள் மிளகுடைய பழைய ரஃப் நோட்டு. பாதிக்கு மேல் வெறுமனே கிடந்தது. மருந்துக் கடைக்காரர், "முடி எப்ப இருந்து கொட்டுது, தினம் எவ்வளவு கொட்டுதுன்னு எழுதி வைங்கம்மா, அப்பதான் ஏதாவது சொல்ல முடியும்" என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். கடைசியாகப் பேனா பிடித்தது, ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் உடம்பை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டபோது.

எழுதுகிறேன். மிளகுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். மிளகு என்பது அவள் அப்பா வைத்தது. பிறந்தபோது கறுப்பாகச் சுருண்டு, அவ்வளவு பொடியாக இருந்தாள். இப்போது இடது நெற்றியோரம், காதுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு முடி இல்லை. வெள்ளையாகத் தோல் தெரிகிறது. ஒரு மாதமாகத்தான் கவனிக்கிறேன். அதற்கு முன்னால் எத்தனை நாளாக என்று தெரியாது. நான் எதையும் கவனிக்கிற நிலைமையில் இல்லை.

இன்று சீப்பில் பதினாறு முடி.

ஜூன் 10

பதினொன்று. கடைக்காரர் கொடுத்த களிம்பு தடவினேன். எரியுதா என்றால் இல்லை என்கிறாள். எதைக் கேட்டாலும் இல்லை.

ஜூன் 12

மாடி வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர் மிளகின் தலையைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, பூச்சி வெட்டா?"

"தெரியலக்கா."

"பூச்சி வெட்டு இல்ல. இது ஏக்கம். அப்பன நினைச்சு உள்ளுக்குள்ள உருகுது புள்ள. நீயாவது ஒப்பாரி வச்ச, அது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுச்சா? எங்கயாவது போய்த்தானே ஆகணும், தலை வழியா போகுது."

அக்கா சொன்னது நிஜம். அவர் போய் ஏழு மாதம் ஆகப்போகிறது. மிளகு என் முன்னால் அழவில்லை. செத்த அன்றுகூட எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை போல என்று பேசிக்கொண்டார்கள்.

ஏக்கம் என்று அக்கா சொன்னதும் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால், மறைக்காமல் எழுதுவது என்றால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அவரை நினைத்து இந்த வீட்டில் இன்னொரு உயிரும் உருகுகிறது, நான் மட்டும் இல்லை என்று. இப்படி ஒரு தாய் நினைப்பாளா? நினைத்தேன்.

ஜூன் 15

ஷெட்டில் டீ இடைவேளை. மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் துடைப்பம் கட்டுகிறோம். காலால் பலகையை மிதித்தால் கயிறு விறைக்கும். கட்டையை உருட்டி உருட்டி நார் மேல் ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழுப்பு. பதினோரு வருஷமாக என் ஆள்காட்டி விரலில் கயிறு போன தடம் குழியாகவே நிற்கிறது. கட்டி முடித்ததும் மேஸ்திரி அக்கா துடைப்பத்தைத் தரையில் மூன்று தட்டுத் தட்டுவார். ஒரு நார் விழுந்தாலும் தூக்கிப் போடுவார். "கொட்டுதுடி. கட்டு பத்தல. அவிழ்த்து இறுக்கு."

என் கட்டு திரும்பி வந்ததே இல்லை. "இவ கட்டுனா இவளே வந்து அவிழ்த்தாத்தான் உண்டு" என்று சிரிப்பார்.

ஜூன் 16

காலையில் பின்னல் போடும்போது இடது பக்கம் மறைகிற மாதிரி மேலிருந்து முடியை இழுத்து எடுத்தேன். கொட்டுகிற முடி, தளர விட்டால் இன்னும் கொட்டும். நல்லாச் சேர்த்து இறுக்கினேன். இரண்டு ரப்பர் பேண்டு, மேலே ரிப்பன். புருவம் ஏறி, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி நின்றாள்.

"வலிக்குதா மிளகு?"

"இல்ல. இன்னும் இறுக்கும்மா."

முன்பெல்லாம் அவர்தான் பின்னுவார். குளிர்கிடங்கில் ராத்திரி வேலை, ஆறு மணிக்கு வீடு வருவார். நான் ஆறரைக்கு ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவேன். சட்டையில் ஐஸும் அட்டைப் பெட்டியும் கலந்த வாசனை. விரல்கள் ஜில்லென்று இருக்கும். டீ கிளாஸைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டிச் சூடு பண்ணிக்கொண்டுதான் அவள் தலையைத் தொடுவார். அவர் போட்ட பின்னல் பத்து மணிக்கே அவிழ்ந்துவிடும். சாயங்காலம் மிளகு வரும்போது தலை பறவைக் கூடு மாதிரி இருக்கும். எனக்கு மானம் போகும். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிறவள், சொந்த வீட்டுப் பிள்ளை இப்படிப் போகிறதே என்று.

அவர் போனபிறகு எட்டு மணி ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். நான்தான் பின்னுகிறேன். சாயங்காலம் வரை ஒரு மயிர் பிரியாது.

ஜூன் 23

டீச்சர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டுமாம். அதுவரை தனி பெஞ்ச்.

"தனியா உக்கார கஷ்டமா இருக்கா?"

"ஜன்னல் பக்கம்மா. நல்லா காத்து வருது. ரெண்டு பேர் பைய வைக்கிற இடத்துல நான் ஒருத்தி பைய வைக்கலாம்."

அப்படியே அவள் அப்பா பேச்சு. எதை எடுத்துக் கொடுத்தாலும் அதில் ஒரு நல்லதைக் காட்டுவார்.

வலது பக்கமும் ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 1

இருபத்திரண்டு.

ஜூலை 4

இன்று அவளை அடித்துவிட்டேன்.

ஷெட்டில் பக்கத்துப் பலகைக்காரி சொன்னாள், சில பிள்ளைகள் தன் முடியைத் தானே பிடுங்குமாம், கவலையில். வீட்டுக்கு வந்ததும் தலையணையைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். "நீயா பிடுங்குறியா? உண்மையச் சொல்லு" என்றேன். "இல்லம்மா" என்றாள். அந்த இல்லையைக் கேட்டுக் கேட்டு எனக்கு என்ன வந்ததோ, கை மேலே ஒன்று வைத்தேன். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். தலை வலிக்கிறதாம். அப்பா ஞாபகம் என்று நான் தொந்தரவு பண்ணுவதில்லை. பின்னலை அவிழ்த்துவிடட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள். "அப்படியே இருக்கட்டும். காலையில உனக்கு நேரமாயிடும்."

ஜூலை 11

கொழுந்தனார் வந்திருந்தார். அண்ணன் போனதிலிருந்து பாவம், மாதம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிறார். பார்த்ததும், "மொட்டை அடிச்சு விட்டுடுங்க அண்ணி. வழிச்சு விட்டா புதுசா கெட்டியா வரும்" என்றார்.

மிளகு கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாள். இரண்டு கையிலும் இரண்டு பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் குனிந்து, "ஏய், சித்தப்பா தலையப் பாரு, எவ்வளவு காத்தோட்டமா இருக்கு" என்று தன் வழுக்கையைக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 13

மொட்டை அடிக்கலாம் என்று முடிவெட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முடிவெட்டுகிறவர் நாற்காலியில் பலகை போட்டு உட்கார வைத்தார். ரப்பர் பேண்டை மெதுவாக எடுத்தார். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். கத்தியை எடுக்கவே இல்லை.

"இங்க வாங்கம்மா. இது தெரியுதா?"

காதுக்கு மேலே ஓரமாகச் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளம். வரிசையாக, ஊசியால் குத்தினது மாதிரி. நான் தினமும் பின்னுகிறேன். பார்த்ததில்லை.

"இதுல நான் கத்தி வைக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னிக்கே போனாலும் நல்லதுதான்." மிளகைப் பார்த்து, "இறங்குங்க மேடம், கட்டிங் கேன்சல்" என்றார்.

மிளகு இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

ஜூலை 16

ஒழுங்காக எழுத வேண்டும். ஒன்று விடாமல்.

தோல் டாக்டர் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். கண்ணாடி வைத்த சின்ன விளக்கால் மிளகின் தலை முழுக்கப் பார்த்தார். பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். அப்பா தவறிட்டார் டாக்டர், அந்த ஏக்கம், அழ மாட்டேங்குது டாக்டர் என்று.

"தினம் யாரு தலை பின்னுறது?"

"நான்தான்."

"எங்க, எப்பவும் போடுற மாதிரி ஒரு பின்னல் போட்டுக் காட்டுங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவளை என் முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினேன். வகிடு எடுத்தேன். மூன்றாகப் பிரித்தேன். முதல் இழுப்பு இழுத்தேன். மிளகு இரண்டு கையாலும் மேஜை ஓரத்தைப் பிடித்தாள். அதைக்கூட இன்றுதான் பார்த்தேன். பிடித்துத் தயாராக நின்றுகொண்டாள். இத்தனை மாதமும் எதையோ பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். இரண்டாவது இழுப்பில் டாக்டர் எழுந்து வந்து என் கை மேல் கை வைத்தார்.

"போதும். நிறுத்துங்கம்மா."

என் விரல் தடத்தைத் தடவிப் பார்த்து, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு மெதுவாக விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏக்கத்துலயும் கொட்டும்மா. பெரிய காய்ச்சல், பெரிய துக்கம், அதுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொட்டும். ஆனா தலை முழுக்கப் பரவலா கொட்டும். பூச்சி வெட்டுன்னா வட்டமா, வழவழன்னு இருக்கும். படர்தாமரைன்னா செதில் செதிலா உரியும், அரிக்கும். தானே பிடுங்குனா முடி குட்டையும் நெட்டையுமா முறிஞ்சு நிக்கும். இவளுக்கு எங்க போயிருக்கு பாருங்க. நெத்தி ஓரம், காது மேல, ரப்பர் பேண்டு உக்கார்ற இடம். இழுபடுற இடத்துல மட்டும்தான். வேரைத் தினமும் இழுத்துக்கிட்டே இருந்தா அது பிடிப்ப விட்டுடும்."

"அப்ப ஏக்கம் இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. பின்னல்தான்."

"ஒட்டுமா?"

"ஒட்டாது. ஸ்கூலுக்கு நான் எழுதித் தரேன்."

"திரும்ப வருமா?"

அதற்கு மட்டும் விளக்கை எடுத்து இடது ஓரத்தை மறுபடி பார்த்தார். "வலது பக்கம் வந்துடும். இடது பக்கம் பாக்கலாம். ரொம்ப நாள் இழுபட்டிருக்கு. வேர் உயிரோட இருந்தா வரும்." பிறகு, "யாரும் வேணும்னு பண்றதில்ல. வாரம் ரெண்டு பேராவது வராங்க. இனிமே எண்ணாதீங்க, எண்ணி ஒண்ணும் ஆகப் போறதில்ல. தளர விடுங்க, அதுதான் மருந்து" என்றார்.

ஏக்கமாக இருந்திருக்கக் கூடாதா.

ஜூலை 17

கைதான். என் கைதான். வேற ஒண்ணும் இல்ல. ஊர்ல இருக்குற வியாதியெல்லாம் தேடிட்டு, கை மேல ஒரு அடி வேற. நீயா பிடுங்குறன்னு கேட்டேனே — அவ என்ன நினைச்சிருப்பா? பிடுங்குனவ நான். ஏன்டி சொல்லல, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை ஏன்டி சொல்லல.

ஜூலை 18

இறுக்காமல் பின்னினேன். என்னால் முடியவில்லை. கை தானாக இழுக்கிறது. மூன்று தடவை அவிழ்த்துப் போட்டேன். மிளகு திரும்பி, "இது வேணாம்மா. எப்பவும் போடுறதப் போடு" என்றாள். டாக்டர் சொல்லியிருக்கார் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள்.

ஷெட்டில் இரண்டு துடைப்பம் திரும்பி வந்தது. என்னுடையது. மேஸ்திரி அக்கா ஒன்றும் கேலி பண்ணவில்லை. "உடம்பு சரியில்லயாடி?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 20

சாயங்காலம் வந்தாள். பின்னல் கல் மாதிரி இறுகியிருந்தது. காலையில் நான் போட்டது இல்லை. ரிப்பனுக்கு அடியில் துடைப்பக் கயிறு. என் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட பாத்ரூமில் தானே கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏழு சுற்று. எண்ணினேன். லீவு நாளில் ஷெட்டுக்கு வந்து நான் கட்டுவதைப் பார்த்துப் பழகியது.

முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் கயிற்றை வெட்டி எடுத்தேன். முடியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ண? டாக்டர் சொன்னத நீயும்தானே கேட்ட?"

வெட்டின கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மிளகு. அம்மா திட்ட மாட்டேன். சொல்லு."

"அவிழ்ந்தா நீ திட்டுவ."

"உன்னையா? என்னைக்கு நான் உன்னத் திட்டுனேன் அதுக்கு?"

"என்னைய இல்ல. அப்பாவ."

கத்தரியைக் கீழே வைத்தேன்.

"அப்பா நாளைக்கு இறுக்கிப் போடுறேன்னு சொல்லிட்டுத்தானேம்மா போனாரு. அவரு வரல. நான் இறுக்கிப் போட்டுக்கிறேன். இனிமே அவிழாது."

அழுதாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கியது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21

எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். இப்போது எழுதாமல் இருந்து என்ன.

நவம்பர் 18, சாயங்காலம். ஷெட்டில் இருந்து நான் வந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மிளகு பள்ளிக்கூடத்திலிருந்து அவிழ்ந்த தலையோடு வாசலில் நின்றாள். எனக்கு அன்று வேலையில் ஏதோ எரிச்சல். என்னவென்று இப்போது ஞாபகம்கூட இல்லை. அவரிடம் கத்தினேன்.

"ஒரு பின்னல் பின்னத் தெரியாதா? பத்து மணிக்கே அவிழ்ந்து தொங்குது. கையா அது, களிமண்ணா? இதுக்குப் போடாமலே அனுப்பலாம்."

அவர் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி சரி, நாளைக்கு நல்லா இறுக்கிப் போடுறேன் போ" என்றார். மிளகின் தலையை ஒரு தடவை கலைத்துவிட்டுப் போனார்.

விடிவதற்குள் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் எவ்வளவோ நல்ல வார்த்தை பேசியிருப்பேன். கடைசியாக நின்றது இது. இது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று இருந்தேன். இதை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளை தினம் காலையில் என் முழங்காலுக்கு நடுவில் வந்து நின்றிருக்கிறது.

ஜூலை 22

அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அப்பா போனது பின்னலால் இல்லை, நான் திட்டியதால் இல்லை, நெஞ்சில் ரத்தக் குழாய் அடைத்ததால் என்று. கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நீ ஏம்மா திட்டுன?"

"தெரியாமத்தான் திட்டிட்டேன்."

"அப்பாகிட்ட சாரி கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 2

தளரப் பின்னவே வரவில்லை எனக்கு. ஒன்று இழுக்கிறேன், இல்லை என்றால் வாசல் தாண்டும் முன்னால் பிரிந்துவிடுகிறது. இன்று மிளகே பொறுமை இழந்துவிட்டாள்.

"ஐயோ, அப்பா இப்படிப் போட மாட்டாரும்மா. காதுக்குப் பின்னாடி ரெண்டு விரல் வைப்பாரு. விரலுக்கு மேலயே பின்னுவாரு. கடைசில விரல உருவிடுவாரு."

"எதுக்கு?"

"ஒரு நாள் வலிக்குதுன்னு சொன்னேன். அதுல இருந்து அப்படித்தான்."

அப்போதெல்லாம் நான் ஆறரைக்குப் போய்விடுவேன். ஒரு நாள்கூட அவர் பின்னுவதை நின்று பார்த்ததில்லை. அவிழ்ந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தெரியாமல் இல்லை அவருக்கு. விரல் வைத்துத்தான் பின்னியிருக்கிறார். நான் கத்தினபோது, அதுக்குத்தான்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

மிளகு என் இரண்டு விரலை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டினாள். "இங்க."

ஆகஸ்ட் 3

இரண்டு விரல்.

ஆகஸ்ட் 19

தனி பெஞ்ச் ஒருவழியாக முடிந்தது. டாக்டர் சீட்டை டீச்சர் வகுப்பில் படித்துக் காட்டினாராம். பக்கத்தில் உட்கார வந்த பிள்ளை, பையை ஒதுக்கச் சொல்லிச் சண்டை போட்டதாம். அதை மிளகு ரொம்பப் பெருமையாகச் சொன்னாள்.

செப்டம்பர் 26

தோல் டாக்டர். வலது பக்கம் பொடிப்பொடியாக முடி முளைத்திருக்கிறது. விரலால் தடவினால் புது நார் மாதிரி குத்துகிறது. இடது பக்கம் பாதிக்கு வந்திருக்கிறது. நெற்றியை ஒட்டின ஒரு துண்டு மட்டும் பளபளவென்று கிடக்கிறது. விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தத் துண்டு இனி வராதும்மா."

மிளகுதான் கேட்டாள், "இது எவ்வளவு பெருசு டாக்டர்?"

"உன் கட்டைவிரல் நகம் அளவு."

வெளியே வந்ததும் தன் நகத்தை அங்கே வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள். "சின்னதுதாம்மா" என்றாள் என்னிடம். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

நான் போனபிறகும் அது அவள் தலையில் இருக்கும். அவள் கிழவியாகி முடி நரைத்தாலும் இருக்கும். என் கை செய்தது.

அக்டோபர் 14

ஷெட்டில் என் கட்டு பழையபடி ஆகிவிட்டது. மேஸ்திரி அக்கா மூன்று தட்டுத் தட்டினார், ஒன்றும் விழவில்லை. "வந்துட்டியாடி" என்றார். வீட்டுக்கு வந்ததும் கையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்கிறேன். விரல் இளகின பிறகுதான் மிளகின் தலையைத் தொடுவது.

நவம்பர் 18

ஒரு வருஷம்.

லீவு போடவில்லை. மிளகையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். காலையில் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா மாதிரி பண்ற" என்றாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். அதே வாசல். தலை முழுக்கப் பிரிந்து தொங்க, ரிப்பனைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப அவிழ்ந்துச்சு?"

"பத்து மணிக்கே."

பையை வாங்கி மாட்டினேன். அவள் தலையை ஒரு தடவை கலைத்துவிட்டேன்.

"சரி. நாளைக்கும் இப்படியே போடுறேன் போ."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.